பனல் வாங்கும் முன்: ஆலை தொடங்கும் மருமகளுக்கு

கிளிநொச்சி

அன்பு மருமகளுக்கு,

கொழும்பு வேலையை விட்டுவிட்டுப் பரந்தனில் அரிசி ஆலை போட வரப்போகிறாய், வங்கிக் கடனும் சரிவந்துவிட்டது என்று அறிந்து மனம் நிறைந்தது. இயந்திரங்களை நன்றாக ஒப்பிட்டுத்தான் தெரிவு செய்திருக்கிறாய். மின் பனல் போர்டுக்கு வந்த மூன்று விலைகளில் ஆகக் குறைந்ததை எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதில்.

நெல்லின் ஈரத்தை எங்கள் பெரியவர்கள் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தே சொல்லிவிடுவார்கள். பனலுக்குள் இருக்கும் பிரேக்கரை அப்படிச் சோதிக்க வழியில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே நிறம், ஒரே அளவு. எதைப் போட்டாலும் மோட்டார் சுற்றும், வருடக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. கம்பிகள் ஒன்றோடொன்று முட்டி ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும் கணத்தில்தான் எது நல்லது என்பது தெரியவரும். நல்ல பிரேக்கர் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் அதை அறுத்துவிடும். கெட்டது வெடிக்கும், இல்லையென்றால் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டு தீயை வளர்க்கும். பயன்படுத்திப் பார்த்து அறிய முடியாத பொருளை ஆதாரம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கீழே எழுதுவதெல்லாம் எந்த ஆதாரத்தை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான்.

முதலில் நட்டத்தின் அளவை நினைத்துப் பார். காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் வந்து குவியும். ஊறவைத்து அவித்த நெல் தொட்டியில் கிடக்கும்போது உலர்த்தி நின்றால் நெல் புளித்து நாறும், அரிசியின் நிறம் கெடும். வங்கித் தவணை உனக்காகக் காத்திருக்காது. கமக்காரர் அடுத்த ஆலைக்குப் போய்விடுவார். மூன்று விலைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அப்படி நின்றுபோகும் ஒரு வாரத்தின் நட்டத்தோடு வைத்துப் பார். எது மலிவு என்று தெரிந்துவிடும்.

இனிக் கணக்கு. ஆலையின் மொத்தச் சுமை 42 கேவிஏக்குள் நின்றால் 60 அம்பியர் மும்முனை இணைப்பு போதும். அதைத் தாண்டினால் மின் வழங்குநரிடம் மொத்த விநியோக இணைப்பு எடுக்க வேண்டும். பனலின் உருவம் இங்கேதான் முடிவாகிறது. அடுத்து, உனக்கு மின் தரும் ட்ரான்ஸ்போமர் எத்தனை கேவிஏ, உன் வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள். 160 கேவிஏ ட்ரான்ஸ்போமரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 231 அம்பியர். அதன் மின்மறுப்பு 4 வீதம் என்றால் அதன் வாயிலேயே கம்பிகள் முட்டும்போது சுமார் 5,800 அம்பியர் பாயும். அதே கணக்கில் 400 கேவிஏ என்றால் 14,000 அம்பியரைத் தாண்டும். வீட்டுக்கு விற்கும் சிறிய பிரேக்கர்களில் பல 6,000 அம்பியரைத்தான் அறுக்க வல்லவை. கேபிள் நீள நீள இந்த எண் குறையும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு குறையும் என்று பனல் கட்டுபவர் எழுதிக் காட்ட வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

பெரிய பிரேக்கரின் பெயர்த்தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஐ.சி.யு. என்பது அது அறுக்கக்கூடிய உச்ச மின்னோட்டம். அதை அறுத்த பிறகு அந்தப் பிரேக்கர் மீண்டும் வேலைக்கு உதவும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஐ.சி.எஸ். என்பது, அறுத்த பிறகும் தொடர்ந்து வேலை செய்யும் அளவு. இரண்டாவது எண் முதலாவதன் பாதியாக இருக்கும் பிரேக்கர்களும் உண்டு, இரண்டும் சமமாக இருப்பவையும் உண்டு. அறுவடைக் காலத்தில் ஒரே நாளில் ஆலையை மறுபடி ஓடவைக்க வேண்டிய உனக்குச் சமமானதுதான் வேண்டும்.

ஆலையில் மோட்டார்தான் உயிர். அதை இயக்கி நிறுத்தும் கொன்ராக்டர் வாங்கும்போது 32 அம்பியர் என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் நம்பாதே. ஏ.சி.1 என்ற வகையில் 32 அம்பியர் தாங்குவது, மோட்டாருக்குரிய ஏ.சி.3 வகையில் 18 மட்டுமே தாங்கும் என்பது பல உற்பத்தியாளரின் அட்டவணையிலேயே இருக்கிறது. 15 கிலோவாட் மோட்டார் முழுச்சுமையில் சுமார் 28 அம்பியர் எடுக்கும். நேராகத் தொடக்கினால் அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். சிறிய கொன்ராக்டரைப் போட்டால் தொடுமுனை கருகி ஒரு பேஸ் விட்டுப்போகும், மோட்டார் இரண்டு பேஸில் முனகி எரியும். எங்கள் பக்கத்தில் லைனிலேயே ஒரு பேஸ் போவதும் புதிதல்ல. அதனால் ஒவ்வொரு பெரிய மோட்டாருக்கும் ஓவர்லோட் ரிலேயும், பனலுக்குப் பேஸ் பெயிலியர் ரிலே ஒன்றும் கட்டாயம்.

வன்னியின் வெயிலையும் மண்ணையும் கணக்கில் எடு. சிறிய பிரேக்கர்களின் அளவு 30 பாகை வெப்பத்துக்கு நிர்ணயிக்கப்பட்டது. தகரக் கூரைக்குக் கீழே மூடிய பனலுக்குள் வைகாசியில் 50 பாகையைத் தாண்டலாம். அப்போது பிரேக்கர் சொன்ன அளவுக்கு முன்பே விழும். விழுகிறதே என்று யாராவது பெரியதாக மாற்றினால் கேபிளுக்குக் காவல் இல்லாமல் போய்விடும். உமித்தூசியும் பல்லியும் எறும்பும் உள்ளே போகாதபடி ஐ.பி.54 தரத்திலான பெட்டி கேள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அந்த வெள்ளம் உன் காணியில் எதுவரை நின்றது என்று அயலவரிடம் விசாரித்து, பனலை அதற்கு மேலே ஏற்று. எர்த்தின் தடையைக் கோடையில் அளக்கச் சொல். மண் ஈரமாயிருக்கும் மார்கழியில் நல்ல எண் வருவது பெரிய காரியமில்லை. ஐப்பசி இடிமின்னலுக்கு மின்னெழுச்சிக் காப்பும், ஆள் கை படும் இடங்களுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும்.

அடுத்தது உற்பத்தியாளர். பெயர் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. முதலில் தரத்தைப் பார். ஆலைப் பிரேக்கருக்கு ஐ.ஈ.சி. 60947-2, கொன்ராக்டருக்கு 60947-4-1, முழுப் பனலுக்கு 61439. பெட்டியில் சீ.ஈ. என்று இருப்பதைக் காட்டி உன்னைத் திருப்திப்படுத்தப் பார்ப்பார்கள். அது உற்பத்தியாளர் தன் பொருளைப் பற்றித் தானே செய்யும் அறிவிப்பு. வெளியார் செய்த வகைச் சோதனையின் அறிக்கை வேண்டும். நெதர்லாந்தின் கீமா, பெங்களூரில் 1960இல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுகூடங்கள் உண்மையாகவே ஆயிரக்கணக்கான அம்பியரைப் பாய்ச்சிச் சோதிக்கின்றன. அறிக்கையிலுள்ள மொடல் எண்ணும் உனக்குத் தரும் பொருளின் எண்ணும் ஒன்றா என்று நீயே பார். போலிகள் சந்தையில் உண்டு. ஆகவே அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம், தொடர் எண் குறித்த பற்றுச்சீட்டோடு வாங்கு.

பிறகு, பத்து வருடம் கழித்தும் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேள். பெரிய நிறுவனங்களும் கைமாறுகின்றன. 1938இல் இரண்டு டென்மார்க்குப் பொறியியலாளர்கள் மும்பாயில் தொடங்கிய லார்சன் அன்ட் டூப்ரோ, தன் சுவிட்ச்கியர் தொழிலை 2020இல் ஷ்னைடருக்கு விற்றது. 2024இல் அந்தச் சுவிட்ச்கியர் தொழிலின் பெயர் லாரிட்ஸ் நுட்சன் என்று மாறியது. கைமாறுவது குற்றமில்லை. ஆனால் பழைய மொடலுக்குப் பாகம் தருவார்களா, புதிய மொடல் பழைய துளைகளில் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்கு. முகவரின் களஞ்சியம் யாழ்ப்பாணத்திலா வவுனியாவிலா கொழும்பிலா, பொருள் எத்தனை மணித்தியாலத்தில் பரந்தனுக்கு வரும் என்றும் கேள். மூன்று விதமான பிராண்டுகளைக் கலக்காமல் ஒன்றையே எடுத்தால், ஒரு கொன்ராக்டரும் ஒரு ரிலேயும் அலுமாரியில் வைத்திருப்பது பல இடங்களுக்கு உதவும்.

வெளியிலிருந்து வரும் இருட்டையும் எதிர்பார். போர் முடிந்த பிறகு வவுனியாவிலிருந்து 132 கிலோவோல்ட் லைன் கிளிநொச்சிக்கு வந்து 2013இல் சுன்னாகம் வரை நீண்டது. தேசியக் கட்டமைப்போடு சேர்ந்ததால் அதன் வீழ்ச்சிகளும் எங்களுக்கு வருகின்றன. 2020 ஆகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டியில் பராமரிப்பு வேலையில் நடந்த தவறும், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கும் நாட்டையே இருட்டாக்கின. ஜெனரேற்றர் நீ எப்படியும் வாங்குவாய். அதற்குரிய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணைய முடியாதபடி இயந்திரப் பூட்டுள்ளதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உன் ஜெனரேற்றரின் மின் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரைக் கொன்றுவிடும். அதுபோல் மின் திரும்பி வரும்போது மோட்டார்கள் தாமாக ஓடத் தொடங்கக்கூடாது. பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும். பெல்ட்டில் கை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் விரல்கள் அதில் தங்கியிருக்கின்றன.

நல்ல பொருளும் கவனிப்பில்லாமல் கெடும். 2025 மார்ச்சில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் ஒரு நாள் மூடிக்கிடந்தது. அதற்கு மின் தந்த நோர்த் ஹைட் உபநிலையம் தீப்பிடித்ததே காரணம். அங்கே ஓர் உறுப்பில் ஈரம் ஏறியிருப்பது 2018இலேயே அளவீட்டில் தெரிந்தும் சரிசெய்யப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. உன் பனலுக்கு வேண்டியது எளியது. சிறுபோகத்துக்கும் காலபோகத்துக்கும் முன், மின்னை நிறுத்தி உமித்தூசியை உறிஞ்சி எடுத்து, முனைகளின் திருகாணிகளைச் சொன்ன அளவுக்கு இறுக்கி, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டனை அழுத்திப் பார்த்து, திகதியைக் கொப்பியில் எழுத வேண்டும். அதற்கு ஆள் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. அங்கே படித்து வெளிவரும் எங்கள் பிள்ளைகளில் ஒருவரை, பனல் பொருத்தும் நாளிலிருந்தே கூட வைத்திரு.

இப்போது நீ செய்ய வேண்டியது இது. மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே கடிதம் எழுது. ஷோர்ட் ஆகும்போது பாயும் மின்னோட்டத்தின் கணக்கு, ஒவ்வொரு பிரேக்கரின் இரண்டு எண்கள், வகைச் சோதனை அறிக்கை, பனல் கட்டி முடித்ததும் செய்யும் சோதனையின் பதிவு, வரைபடம், உதிரிப்பாக உறுதி, பழுதானால் வந்து சேரும் நேரம் என்று ஏழையும் கேள். பதில் தராதவரின் விலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. மூன்று பதில்களும் வந்ததும் எனக்கு அனுப்பு, ஒன்றாக இருந்து பார்ப்போம். அதற்கு முன் ஒருவருக்கும் முற்பணம் கொடுக்காதே, பிள்ளை.

அன்புடன்,
மாமா