1914: கூட்டணிகள் இழுத்துச் சென்ற போரா?

முதல் உலகப் போர் எப்படி மூண்டது என்று கேட்டால், பள்ளியில் படித்த பதில் நம் எல்லோருக்கும் மனப்பாடம். சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்திரியா செர்பியா மீது பாய்ந்தது. செர்பியாவுக்காக ரஷ்யா, ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனி, ரஷ்யாவுக்காக பிரான்ஸ், பிரான்சுக்காக பிரிட்டன் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சீட்டுக்கட்டு வீடு சரிவதைப் போலத் தானாகவே நடந்துவிட்டதாகத் தோன்றும். இந்தப் பதிலில் நாடுகள் இருக்கின்றன, முடிவெடுத்த மனிதர்கள் இல்லை. கொலை நடந்தது ஜூன் 28. பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. நடுவே 37 நாட்கள். அந்த நாட்களை நெருங்கிப் பார்த்தால் நாம் நம்பிக்கொண்டிருக்கும் பலவும் நிற்பதில்லை.

நம்பிக்கை: சரயேவோத் துப்பாக்கிதான் போரைத் தொடங்கியது

சுட்ட கவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. அன்று காலை அவருடைய கூட்டாளி வீசிய வெடிகுண்டு குறி தவறியது. பிறகு இளவரசரின் கார் ஓட்டுநர் வழி மாறித் திரும்பி வண்டியை நிறுத்திய இடத்தில் பிரின்சிப் நின்றிருந்தார். (அவர் சாண்ட்விச் வாங்க வந்தவர் என்று இணையத்தில் சுற்றும் கதைக்கு ஆதாரம் கிடையாது.) கொலையில் தற்செயல் உண்டு. அதன் பிறகு நடந்தவற்றில் தற்செயல் மிகக் குறைவு.

ஆஸ்திரியப் படைத் தலைவர் கான்ராட் உடனே செர்பியாவை அடிக்க வேண்டும் என்றார். அதற்கு முன்பும் பலமுறை அதையே சொல்லி வந்தவர் அவர். ஆஸ்திரியாவோடு ஒரே பேரரசாக இருந்த ஹங்கேரியின் பிரதமர் டிசா மறுத்தார். வியன்னாவால் தனியாகத் துணிய முடியவில்லை. ஜூலை 5-ஆம் தேதி ஆதரவு கேட்டு ஆஸ்திரியப் பேரரசரின் கடிதம் பெர்லின் போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரியத் தூதரோடு மதிய உணவு அருந்திய கைசர் வில்ஹெல்ம், என்ன நேர்ந்தாலும் ஜெர்மனி பின்னால் நிற்கும் என்றார். மறுநாள் ஜெர்மன் பிரதமர் பெத்மன் ஹோல்வெக் அதை உறுதிப்படுத்தினார். தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். கைசர் கப்பலேறி நார்வேக் கடலுக்கு உல்லாசப் பயணம் போய்விட்டார். அடுத்த வாரம் டிசாவும் இறங்கி வந்தார்.

செர்பியாவுக்கான எச்சரிக்கைக் கடிதம் தயாரான பிறகும் வியன்னா அதை உடனே கொடுக்கவில்லை. பிரெஞ்சு அதிபர் புவன்காரே அப்போது ரஷ்யத் தலைநகரில் விருந்தினராக இருந்தார். இரு கூட்டாளிகளும் நேரில் கலந்து பேசிவிடக் கூடாது என்பதற்காக, அவர் கிளம்பும் வரை காத்திருந்து ஜூலை 23 மாலை கடிதத்தை நீட்டினார்கள். கெடு 48 மணி நேரம்.

25-ஆம் தேதி மாலை, கெடு முடியும் நேரத்தில், செர்பியப் பிரதமர் பாஷிச் தானே பதிலை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியத் தூதரகத்துக்குப் போனார். பெரும்பாலான கோரிக்கைகளுக்கு அதில் இணக்கமோ மழுப்பலான இணக்கமோ இருந்தது. ஆஸ்திரிய அதிகாரிகள் செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் பங்கேற்பதை மட்டும் திட்டமாக மறுத்திருந்தார்கள். தூதர் கீசில் அதற்குள் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்திருந்தார். பதிலை மேலோட்டமாகப் பார்த்தார், உறவு முறிந்தது என்று அறிவித்தார், ஆறரை மணி ரயிலில் ஏறினார். பேசித் தீர்க்க வந்தவர் ரயில் நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

பயணத்திலிருந்து திரும்பிய கைசர் 28-ஆம் தேதி காலையில்தான் அந்தப் பதிலைப் படித்தார். போருக்கான காரணமெல்லாம் இதோடு போய்விட்டது என்று குறிப்பு எழுதினார். பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்து அங்கேயே நிற்கலாம் என்றார். பெத்மன் அதை மாலையில், காரம் குறைத்து வியன்னாவுக்கு அனுப்பினார். அன்றே ஆஸ்திரியா தந்தி மூலம் போர் அறிவித்துவிட்டது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு முன் தன் படை தயாராகாது என்று கான்ராட் சொல்லியிருந்தும், சமரச முயற்சிகள் முளைக்கும் முன்பே முந்திக்கொண்டார்கள்.

நம்பிக்கை: ஒப்பந்தம் இருந்ததால் வேறு வழியில்லை

எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுகிற நம்பிக்கை இது. ஒப்பந்தங்களை வரிசையாக எடுத்துப் பார்ப்போம். இத்தாலி 1882 முதல் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஒப்பந்தக் கூட்டாளி. தாக்கியது ஆஸ்திரியாதான், எங்களைக் கலந்துகொள்ளவும் இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. 1915-இல் எதிரணியில் சேர்ந்தது. ருமேனியா 1883 முதல் ரகசியக் கூட்டாளி. அதன் மன்னர் கரோல் கைசரின் ஹோகன்சோலர்ன் வம்சத்தவர். ஜெர்மனி பக்கம் சேர வேண்டும் என்று அவர் வாதாடியும் அரசவைக் கூட்டத்தில் தலைவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த நாடும் 1916-இல் எதிரணிக்குப் போனது.

மறுபக்கம், செர்பியாவுக்காகப் போரிட வேண்டும் என்று ரஷ்யாவைக் கட்டுப்படுத்திய ஒப்பந்தம் எதுவும் இல்லை. பிரான்சோடு பிரிட்டன் 1904-இல் செய்துகொண்டது காலனிச் சச்சரவுகளைத் தீர்க்கும் உடன்பாடு. இராணுவத் தலைமைகள் கூடிப் பேசி வந்தது உண்மை. ஆனால் இந்தப் பேச்சு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1912-இல் கடிதம் மூலமே எழுதிக்கொண்டார்கள். பெல்ஜியத்தின் நடுநிலைமையைக் காக்க 1839-இல் கொடுத்த உறுதிமொழியைக்கூட, அது சட்டக் கடமை என்பதைவிடக் கொள்கை முடிவு என்றுதான் பிரிட்டிஷ் அமைச்சரவை ஜூலை இறுதியில் கருதியது.

எழுதிக் கொடுத்தவர்கள் விலகினார்கள், எழுதிக் கொடுக்காதவர்கள் இறங்கினார்கள். ஒப்பந்தத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1894 முதலான பிரெஞ்சு-ரஷ்யக் கூட்டணியும், ஆஸ்திரியாவைக் கைவிட்டால் தனித்துவிடுவோம் என்ற ஜெர்மனியின் பயமும் பெரிய காரணங்கள். ஆனால் இதே கூட்டணிகள் 1908-09 போஸ்னியா நெருக்கடியிலும் 1912-13 பால்கன் போர்களிலும் இருந்தன. அப்போது ஏதாவதொரு பக்கமாவது கூட்டாளியின் தோளைப் பிடித்து நிறுத்தியது. 1914-இல் முதுகில் தட்டி அனுப்பினார்கள்.

பிரிட்டன் என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததும் கேடு செய்தது. அமைச்சரவை பிளவுபட்டிருந்ததால் வெளியுறவு அமைச்சர் கிரே தெளிவாகப் பேச முடியவில்லை. 29-ஆம் தேதி அவர் ஜெர்மானியத் தூதரிடம் எச்சரித்த பிறகுதான் பெத்மன் பதறி, அடக்கிக்கொள்ளும்படி வியன்னாவுக்கு நள்ளிரவில் தந்திகள் அடித்தார். மறுநாளே ஜெர்மன் படைத் தலைவர் மோல்ட்கே, படையைத் திரட்டு என்று கான்ராடுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்.

நம்பிக்கை: படைதிரட்டும் ரயில் அட்டவணை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது

நிறுத்தினார்கள். ஜூலை 29 இரவு, கைசரின் தந்தியைப் பார்த்து ரஷ்ய ஜார் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டல் உத்தரவை ரத்து செய்தார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நெடுநேரம் வாதாடித்தான் அவரை மீண்டும் சம்மதிக்க வைத்தார்.

ஆகஸ்ட் 1 பெர்லினில் நடந்தது இன்னும் தெளிவானது. படைதிரட்டலுக்குக் கையெழுத்தான சற்று நேரத்தில், பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று லண்டனிலிருந்து ஒரு தந்தி வந்தது. மகிழ்ந்துபோன கைசர், எல்லாப் படையையும் கிழக்கே ரஷ்யாவை நோக்கித் திருப்புங்கள் என்றார். முடியவே முடியாது என்றார் மோல்ட்கே. லக்சம்பர்க் நோக்கிப் போய்க்கொண்டிருந்த டிவிஷனை நிறுத்தச் சொல்லி உத்தரவு மட்டும் போனது. இரவில் அந்தத் தந்தி தவறான புரிதல் என்று தெரிந்ததும் கைசர் கையை விரித்துவிட்டார். கிழக்கு முகமான மாற்றுத் திட்டத்தை ஜெர்மன் தலைமையகம் 1913-இல்தான் கைவிட்டிருந்தது. வேறு வழியில்லாத நிலையை உருவாக்கியதும் ஒரு முடிவுதான்.

நம்பிக்கை: மக்கள்தான் போர் கேட்டார்கள்

கொடியோடு திரண்ட கூட்டங்களின் புகைப்படங்களைப் பார்த்துப் பிறந்த எண்ணம் இது. ஜூலை இறுதியில் ஜெர்மானிய நகரங்களில் சோஷலிஸ்டுகள் நடத்திய போர் எதிர்ப்புக் கூட்டங்களில் பல்லாயிரம் பேர் கலந்துகொண்டார்கள். பாரிஸில் போரைத் தடுக்கப் பாடுபட்ட தலைவர் ழான் ழோரேஸ் 31-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய மக்களையோ யாரும் கேட்கவே இல்லை. பிரிட்டன் இறங்கியதால் இந்தியாவும் போரில் இருந்தது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. போர் முடிவதற்குள் 70,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள்.

யார் பொறுப்பு என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. 1961-இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் ஜெர்மனியைக் கடுமையாகக் குற்றம் சாட்டினார். 2012-இல் கிறிஸ்டோஃபர் கிளார்க் பழியை எல்லாத் தலைநகரங்களுக்கும் பகிர்ந்தார். வியன்னாவும் பெர்லினும் முதல் இரண்டு அடிகளைத் தெரிந்தே வைத்தன, மற்றவர்கள் தடுக்கக் கிடைத்த வாய்ப்புகளைத் தவறவிட்டார்கள் என்பதே என் முடிவு.

இன்றும் ஒரு நெருக்கடி வந்தால், கூட்டணி ஒப்பந்தம் இருக்கிறது, இனி உலகப் போர்தான் என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். அப்படிக் கேட்கும்போது ஒப்பந்தத்தின் வாசகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அடிக்கடி சொல்லப்படும் நேட்டோவின் 5-ஆம் பிரிவு, ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கருத வேண்டும் என்கிறது. அதற்கு அடுத்து, ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுத்து உதவ வேண்டும் என்றுதான் 1949-இல் எழுதினார்கள். படை அனுப்புவதா இல்லையா என்பதை ஒவ்வொரு அரசும் தன் பொறுப்பில்தான் முடிவு செய்ய வேண்டும்.