பால் உறையும் நேரத்தில் பழைய படங்கள்



பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று. பிள்ளைகள் காலையில் கேட்பது ஐஸ், மற்ற நேரமெல்லாம் செல்போன். இரண்டையும் தடுத்து நிறுத்த எந்த வீட்டிலும் முடிவதில்லை. ஆகவே இந்த மாதப் பாடத்தில் அந்த இரண்டையுமே ஒரு நல்ல வேலைக்குத் திருப்பப் பார்ப்போம். வீட்டில் குல்ஃபி செய்து ஃப்ரீசரில் வைத்தால் அது உறைய ஏழெட்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வீட்டில் உள்ள பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டு, வயதில் மூத்தவர் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

இதை ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் தாமதித்துவிட்டோம். நன்னியின் தகரப் பெட்டியில் ஒரு படம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் போய்வந்த காலத்துப் படம். துறைமுகத்தில் கைலி, தொப்பியுடன் ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் எங்கள் நன்னா. மற்றவர்களை நன்னி ஒவ்வொருவராக விரல் வைத்துச் சொல்வார்கள். நாங்கள் காதில் வாங்கினோம், எழுதி வைக்கவில்லை. நன்னி மௌத்தான பிறகு, ஊரெல்லாம் விசாரித்து ஐந்து பேரை அடையாளம் கண்டோம். மூன்று பேர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவேளை நம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

உருவப்படம் பற்றி ஆலிம்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. சுவரில் மாட்டாமல் பெட்டியிலோ ஆல்பத்திலோ வைத்துக்கொள்வது நம்மில் பல வீடுகளின் வழக்கம். அதில் சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் பள்ளியின் இமாமிடம் கேட்டுக்கொள்ளவும். இங்கே நான் பேசுவது ஏற்கெனவே வீட்டில் இருக்கும் படங்களைப் பற்றி மட்டுமே.

முதலில் அடுப்பு வேலை.

காலை பத்து மணிக்கு அடி கனமான பாத்திரத்தில் ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை ஊற்றி, சிறு தீயில் பாதியாக வற்றும்வரை காய்ச்சவும். ஓரத்தில் படியும் ஏட்டை அவ்வப்போது வழித்து உள்ளே தள்ளவும். முக்கால் மணி நேரமாவது ஆகும். இதில் அவசரப்படக் கூடாது. பாலில் உள்ள தண்ணீர்தான் உறைந்து கரகரவென்று பல்லில் படும் ஐஸ் துகளாகிறது. தண்ணீர் வற்ற வற்ற அந்தத் துகள் குறையும். மெஷினில் போட்டுக் கடையாமலே குல்ஃபி மெத்தென்று இருப்பதன் ரகசியம் இதுதான். பால் வற்றியதும் 100 கிராம் சீனி, நான்கு ஏலக்காயின் பொடி, கொரகொரப்பாக அரைத்த பாதாம் பத்து, ஆறிய பாலில் கரைத்த சோளமாவு ஒரு தேக்கரண்டி சேர்த்து, இரண்டு கொதி வந்ததும் இறக்கவும். சீனியைப் பாதியாகக் குறைத்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சீனி, பால் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. அதை ரொம்பக் குறைத்தால் குல்ஃபி கல்லாகிவிடும், கரண்டி இறங்காது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு இனிப்பைக் குறைத்துக் கொடுப்பதைவிட, அளவைக் குறைத்து ஒரு சின்னத் துண்டு கொடுப்பது மேல்.

நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். சூடாக ஃப்ரீசரில் வைத்தால் அங்கே ஏற்கெனவே இருக்கும் கறியும் மீனும் இளகும். குல்ஃபி அச்சு வேண்டியதில்லை. சின்ன எவர்சில்வர் டம்ளர்கள் போதும். வாயை அலுமினியத் தாளால் இறுக்கி மூடவும். குல்ஃபி என்ற பெயரைப் பூட்டு எனப் பொருள்படும் குஃப்ல் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கூம்பு வடிவக் குப்பியில் ஊற்றி மூடியைப் பூட்டியதுபோல் அடைத்து உறைய வைத்ததால் வந்த பெயர். நாம் மூடுவது இன்னொரு காரணத்துக்காகவும்தான். மூடாவிட்டால் குல்ஃபியில் மீன் வாடை வரும்.

குல்ஃபி வைத்த கையோடு குச்சி ஐஸையும் வைத்துவிடலாம். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் அரை லிட்டர், நன்னாரி சர்பத் 150 மில்லி, இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு. குடிக்கும் சர்பத்தைவிட ஒரு படி கூடுதலாக இனிக்க வேண்டும். நாக்கு சில்லிட்டால் இனிப்பு மட்டாகத் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே தீர வேண்டும். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலான கிருமிகள் உறைந்த ஐஸில் சும்மா காத்திருக்கும், உருகியதும் எழுந்துகொள்ளும். தெருவில் விற்கும் ஐஸைப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நாம் சொல்வதும் இதனால்தான். நாமே பச்சைத் தண்ணீரில் செய்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

குச்சியை உடனே செருகினால் சாய்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து, ஓரம் உறைந்து நடு கூழாக இருக்கும்போது செருகினால் நேராக நிற்கும். இந்த வேலையைக் கடைக்குட்டியிடம் ஒப்படையுங்கள்.

இன்னும் ஒன்று. கடையில் விற்கும் ஐஸ்கிரீம் பொடி, ஜெல்லி பாக்கெட் சிலவற்றில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்று நமக்குத் தெரியாது. நமக்குச் சோளமாவும் கடற்பாசியும் இருக்கும்போது அது தேவையே இல்லை. ஆனால் நோன்புக்குச் செய்யும் கடற்பாசியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து இளகினால் தண்ணீர் விட்டுச் சக்கையாகிவிடும். அதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுதான் இடம்.

இனி லுஹர் தொழுது, சாப்பிட்டு முடித்ததும் பெட்டியை இறக்குங்கள்.

படங்களைத் தொடும் முன் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளவும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டலாம். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. பழைய படத்தின் மேல்பூச்சு ஈரத்தில் இளகிக் கையோடு வந்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் படத்துக்குப் பெரிய பகை. பசை தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம் அடுத்த பகை. அதில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்தால் வரும். அப்படியும் வரவில்லையா, ஆல்பத்திலேயே வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அசல் கிழிவதைவிட அது மேல்.

செல்போனில் நகல் எடுப்பதற்கு வெயில் நேராக விழாத ஜன்னலோரம் நல்ல இடம். ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸைத் துடைத்துவிட்டு, படத்தைத் தரையில் வைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்கவும். பளபளப்பான படத்தில் உங்கள் முகமோ ஜன்னலோ தெரிந்தால், ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுக்கவும். கறுப்புப் புர்காத் துணியை இரண்டு பேர் மேலே பிடித்தாலும் இதே பலன்தான். படத்தின் பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள். ஸ்டுடியோவின் முத்திரை, தேதி, யாரோ எழுதிய இரண்டு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். வீட்டில் ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ அளவில் வைத்து எடுப்பது இன்னும் நல்லது.

திருத்துவதற்கு ஸ்னாப்சீட் போன்ற ஓர் இலவசச் செயலி போதும். முதலில் நகலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில்தான் கை வைக்க வேண்டும். கோணலை நேராக்கி ஓரத்தை வெட்டவும். கறுப்பு வெள்ளைப் படம் மஞ்சளடித்துப் போயிருந்தால், கறுப்பு வெள்ளை என்ற தேர்வைத் தட்டினாலே மஞ்சள் போய்விடும். பிறகு வெளிச்சத்தையும் அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டினால் முகம் தெளியும். எழுபது எண்பதுகளின் கலர்ப் படங்கள் சிவந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் இருட்டில் இருந்தும்கூட அவற்றின் நீலச் சாயம் முதலில் மங்கிவிட்டதால் வந்த சிவப்பு அது. ஒயிட் பேலன்ஸ் பகுதியில் சாயலைப் பச்சைப் பக்கமும், சூட்டைக் கொஞ்சம் நீலப் பக்கமும் நகர்த்துங்கள். வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். கீறலையும் புள்ளியையும் போக்க ஹீலிங் என்ற கருவி உண்டு. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, சின்னச் சின்னத் தொடலாகத் தொட வேண்டும். சுவர், வானம், சட்டையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். கண்ணிலும் வாயிலும் கை வைக்க வேண்டாம். அது பக்கத்தில் உள்ளதை எடுத்து ஒட்டும் கருவி. கண்ணோரத்தில் ஒட்டினால் ஆளே மாறிவிடுவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஒரே தட்டில் பழைய படத்தைப் புதிதாக்கித் தரும் ஏஐ செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. மங்கிய முகத்தைப் பளிச்சென்று காட்டும். அந்தத் தெளிவு படத்திலிருந்து வந்ததில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருக்கலாம், இப்படிப் பல் இருக்கலாம் என்று ஊகித்து வரைந்தது. நன்னாவின் சாய்ந்த புருவமும் அம்மைத் தழும்பும் காணாமல் போய், யாரோ ஒரு அழகான மனிதர் நிற்பார். பிள்ளைகள் அவரையே நன்னா என்று நினைத்து வளரும். மங்கலாக இருந்தாலும் அவர் முகம் அவர் முகமாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. அப்படியும் செய்து பார்க்க ஆசைப்பட்டால், அசல் நகலையும் கூடவே வைத்து, மாற்றிய படத்தின் கீழே 'இயந்திரம் திருத்தியது' என்று எழுதி வைக்கவும்.

சபராளிகளின் குடும்பங்களில் இன்னொரு ஆசை உண்டு. கணவர் மலேயாவில், பிறகு வளைகுடாவில், மனைவி ஊரில். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இருக்காது. இரண்டு படங்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கித் தரும்படி பிள்ளைகள் கேட்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. இரண்டு படங்களையும் ஒரே அளவாக்கி, ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கீழே இருவரின் பெயரையும், படம் எடுத்த ஊரையும் வருடத்தையும் போடுவேன். அவர்கள் பிரிந்திருந்த வருடங்களும் அந்த நடுக்கோட்டில் தெரியும். அதே வழியில், நன்னா பத்து வயதில் எடுத்த படத்தையும் பேரன் பத்து வயதில் எடுத்த படத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். காது யாருடையது, மூக்கு யாருடையது என்று வீடே கூடிவிடும்.

பெயர் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "இது யாரு?" என்று பரீட்சை மாதிரி கேட்டால், பெரியவர்கள் "ஞாபகமில்லை வாப்பா" என்று முடித்துவிடுவார்கள். "நன்னி, இந்தப் படம் யார் கல்யாணத்துல எடுத்தது? இந்தச் சட்டை யாரு அனுப்புனது?" என்று கேளுங்கள். சட்டையில் ஆரம்பித்து ஆளுக்கு வந்துவிடுவார்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். படத்தில் இடமிருந்து வலமாக எண் கொடுத்து, நோட்டில் பெயர், யார் பிள்ளை, எந்தத் தெரு என்று பிள்ளைகள் எழுதட்டும். அசல் படத்தின் பின்னால் எழுதுவதானால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதவும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும்.

பெண்களின் படங்கள் அமானிதம். வீட்டு நோட்டுக்காக எடுத்த நகலை, அதில் இருக்கும் பெண்ணிடமே கேட்டு அவர் சம்மதித்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும். அண்ணன் சம்மதித்தார், கணவர் சம்மதித்தார் என்பது போதாது. மௌத்தாகிவிட்டவர் என்றால் அவருடைய பிள்ளைகளைக் கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேர் இருந்தால் அதுவும் வெளிதான். முகத்தை மறைத்து அனுப்புவதானால் கறுப்பு மார்க்கர் கோடு போதாது. சில போன்களில் அந்தக் கோடு அரைகுறையாக ஒளி விடும், வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் தெரிந்துவிடும். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. பெயர் தெரியாத செயலிகளில் வீட்டுப் பெண்களின் படத்தை ஏற்றவே வேண்டாம். யாராவது படத்தை மாற்றி மிரட்டினால், பயந்து பணம் கொடுக்காமல், ஆதாரத்தை அழிக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும். பிள்ளைகளுக்கும் இந்த எண் தெரிந்திருக்கட்டும். வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து பேசாமல் இருப்பதால்தான் விஷயம் முற்றுகிறது.

வெளியூரில் உள்ள உறவினருக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் தரம் குறையாது. ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும். வெள்ளம் வந்தாலும் போன் தொலைந்தாலும் ஒன்று மிஞ்சும்.

அஸர் வரைக்கும் இருபது படம் முடிந்தால் அதுவே அதிகம். மீதி அடுத்த வாரத்துக்கு.

இஷா தொழுதுவிட்டு வந்ததும் குல்ஃபி டம்ளர்களை வெளியே எடுத்து, சாதாரணத் தண்ணீரில் பத்து வினாடி நிறுத்தித் தட்டில் கவிழ்த்தால் அப்படியே வழுக்கி வரும். நடுவில் மின்சாரம் போய் முழுக்க உருகியிருந்தால் மறுபடியும் உறைய வைத்துச் சாப்பிட வேண்டாம். அது பால். முதல் துண்டை, பெயர் சொன்ன பெரியவருக்குக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் இரண்டு டம்ளர் போகட்டும். அவர்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு துறைமுகப் படம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.