புறத்தூய்மையும் அகத்தூய்மையும்

தூய்மையானது புறத்தூய்மை, அகத்தூய்மை என இருவகைப்படும். திருவள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருத்தல் தமிழர் யாவரும் அறிந்ததே. கிறிஸ்து மார்க்கத்தில் இவற்றிற்குள்ள தொடர்பு யாது? ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று தானே உண்டாகுமோ? இவ்வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

லேவியராகமம் 11 முதல் 15 வரையுள்ள அதிகாரங்கள் உணவு, பிரசவம், சருமநோய் முதலியவை பற்றிய தீட்டுகளையும், அவை நீங்கும் முறைகளையும் விரித்துரைக்கின்றன. இவற்றை வெறும் சுகாதார விதிகளென்று கொள்வாரும் உளர். அது முற்றும் பொருந்தாது. அங்குக் குஷ்டம் என மொழிபெயர்க்கப்பட்ட சொல் பலவகைச் சருமநோய்களை மட்டுமன்றி, ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் கறையையும் குறிக்கின்றது. பிள்ளை பெறுதல் பாவமன்று; எனினும் தாய்க்குத் தீட்டுண்டு. ஆதலின் தீட்டு வேறு, பாவம் வேறு. பரிசுத்தராகிய கடவுளின் சந்நிதியை ஆயத்தமின்றி அணுகலாகாது என்பதே அவ்விதிகளின் உட்கருத்தாம். பிறனைத் தன்னைப்போல் நேசிக்கவேண்டும் என்னும் கட்டளையும் அந்நூலின் 19-ஆம் அதிகாரத்திலேயே அமைந்துள்ளது.

நம் ஆண்டவர் காலத்தில் யூதர் இவ்விதிகளைப் பெரிதும் பேணினர். எருசலேமில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கற்பாத்திரங்களும் முழுக்குக் குளங்களும் இதற்குச் சான்று. கல் தீட்டுப்படாது என்பது அவர் கொள்கை. கானாவூர்க் கலியாண வீட்டிலிருந்த ஆறு கற்சாடிகளும் இத்தகைய சுத்திகரிப்பிற்கு உரியனவே. சீஷர் கைகழுவாமல் உண்டனர் என்று பரிசேயர் குற்றங்கூறியபோது, புறத்தேயிருந்து உட்செல்வது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, இருதயத்தினின்று புறப்படும் தீய எண்ணங்களே தீட்டுப்படுத்தும் என்று ஆண்டவர் விளக்கினார். அங்கு எழுந்த வழக்கு சடங்கைப் பற்றியதேயன்றி அழுக்கைப் பற்றியதன்று. ஆகவே, நீராடுதலும் கைகழுவுதலும் வேண்டாவென்று அவர் போதித்ததாகக் கொள்ளுதல் தவறு.

சரீரத்தைப் பரிசுத்த ஆவியின் ஆலயமென்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதினார். அதனைப் பேணுதல் கடன். பிறர் உயிரைக் காத்தற்பொருட்டுச் சுத்தமாயிருத்தல் அன்பின் கடன். 1847-இல் வியன்னா நகரின் பிரசவ மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு மருத்துவர் பிரசவ அறைக்குச் செல்வதே தாய்மார் பலர் இறத்தற்குக் காரணமெனக் கண்டார். குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் அவர்களைக் கைகழுவச் செய்தார். நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டிருந்த மரணம் சில திங்களுள் ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தது. எனினும் அவர் கூற்றை அக்கால மருத்துவர் பலர் ஏற்றிலர். தம் கைகளால் தீங்கு விளைந்ததென்று ஒப்புதல் எவர்க்கும் எளிதன்று. அகத்திலுள்ள செருக்கு நீங்காதவழிப் புறத்தூய்மையும் தடைப்படும் என்பதை இதனால் அறிகின்றோம்.

தீட்டுள்ளோனைத் தொட்டவனும் தீட்டுப்படுவான் என்பது பழைய முறை. ஆண்டவரோ குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்டார். அங்குத் தீட்டுப் பரவவில்லை, தூய்மையே பரவிற்று. அவ்வழி நின்றோர் நம் நாட்டிலும் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியில் பால் பிராண்டு என்பார், தொழுநோயால் முடங்கிய கைகளைத் தம் கைகளிலேந்தி, அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தார்.

இனி, நம் திருச்சபையின் நிலையை நோக்குவோம். 1833-இல் கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டுமெனச் சுற்றுக்கடிதம் விடுத்தார். அதனை ஏற்கவியலாது சபையைவிட்டு விலகினோர் பலர். ஒரே கிண்ணத்தில் நற்கருணை அருந்துதலைத் தீட்டென எண்ணிய நெஞ்சத்தை எந்நீர் கழுவும்? இன்றும் சிலவிடங்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை நிலவுகின்றது. உயிர் நீங்கிய உடலுக்கும் தீட்டுக் கற்பிப்பது பரிசேயர் குற்றத்தினும் பெரிதன்றோ?

மாணவ நண்பர்களே! கடைசி இராப்போசனத்தன்று ஆண்டவர் தண்ணீரும் சீலையும் கொண்டு சீஷரின் கால்களைக் கழுவினார். கழுவப்பட்டவை அவர்தம் கால்கள்; கழுவுதற்குத் தாழ்ந்து குனிந்தவர் குருவானவர். புறத்தூய்மையும் அகத்தூய்மையும் ஒருங்கே விளங்கியது அவ்விடத்திலேயாம். நாம் நாள்தோறும் நீராடுவோம். உடையையும் உறைவிடத்தையும் தூயனவாய் வைப்போம். அதனோடு, நம் அருகில் அமர்ந்து உண்ணும் எவரையும் தாழ்வாக எண்ணாத நெஞ்சத்தையும் கடவுளிடம் வேண்டிப் பெறுவோமாக.