உயரக்கோடு

கெடா மாநிலத்தின் தெற்கே, கூலிம் மாவட்டத்தில் அமைந்திருக்கும் ஊர் லூனாஸ். முன்பு இவ்வட்டாரத் தமிழர்களின் வாழ்க்கை ரப்பர்த் தோட்டங்களையே சார்ந்திருந்தது. அந்நாளில் கேளிக்கைதான் தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடி வரும். திருவிழாக் காலத்தில் திடலில் ராட்டினம் சுற்றும். சில நாள்களில் அதைக் கழற்றி, லாரியில் ஏற்றி, அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இன்று நிலைமை மாறிவிட்டது. பள்ளி விடுமுறை வந்தால், கேளிக்கையைத் தேடிக் குடும்பங்கள் புறப்படுகின்றன.

செல்வதற்கு இடங்களும் பல உள்ளன. பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலையில் சென்று, பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவை அடைந்தால், தெலுக் பாஹாங்கில் எஸ்கேப் பூங்கா இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் உலகின் மிக நீளமான குழாய் நீர்ச்சறுக்கு என்று கின்னஸ் சாதனை படைத்த 1,111 மீட்டர் சறுக்கு இங்குதான் உள்ளது. தெற்கு நோக்கிச் சென்றால், ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலத்தில் 1993-இல் உருவான சன்வே லகூன் இருக்கிறது. கெந்திங் மலையில் 2022-இல் புதிய பூங்கா திறக்கப்பட்டது. ஜொகூரில் 2012 முதல் லெகோலேண்ட் இயங்கி வருகிறது. தலைநகரில் வணிக வளாகம் ஒன்றின் உள்ளேயே, பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றும் ரோலர் கோஸ்டர் ஓடுகிறது.

இப்படி ஒரு பூங்காவுக்குப் புறப்படும் லூனாஸ் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அப்பா, அம்மா, பாட்டி, படிவம் மூன்றில் பயிலும் அக்காள், இரண்டாம் ஆண்டில் பயிலும் தம்பி என ஐவர். பல மாதங்களாகப் பணம் சேர்த்துத் திட்டமிட்ட பயணம் அது. தம்பியோ ஒரு வாரமாக ரோலர் கோஸ்டரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறான். விடியுமுன் புறப்பட்டு, பூங்காவை அடைந்து, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, ரோலர் கோஸ்டரின் நுழைவாயிலை நெருங்குகிறார்கள். அங்கே ஒரு கம்பம் நிற்கிறது. அதில் 120 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. பணியாளர் தம்பியை அதனருகில் நிறுத்திப் பார்க்கிறார். இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது.

தம்பியின் கண்கள் கலங்குகின்றன. "இரண்டு சென்டிமீட்டர்தானே? நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்," என்கிறார் அப்பா. பணியாளர் பணிவாக மறுக்கிறார். தடித்த அடிப்பாகம் உள்ள காலணியை மாட்டிவிட்டு மறுபடியும் வரலாமா என்ற எண்ணம் அப்பாவுக்குத் தோன்றுகிறது. காலையில் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் உயரத்தை அளந்து சிறுவர் கட்டணம் விதித்தபோது, "கொஞ்சம் குனிந்து நில்லடா," என்று தம்பியின் காதில் சொன்னவரும் அவர்தான்.

இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு விரற்கடை அகலம். அதற்காக ஒரு பிள்ளையை அழவிட வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண, அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதை அறிய வேண்டும்.

பனிமேட்டிலிருந்து தண்டவாளத்துக்கு

ரோலர் கோஸ்டரின் முன்னோடி ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடைகள். குளிர்காலத்தில் உயரமான மரச்சட்டங்களை எழுப்பி, அவற்றின் சரிவில் பனிக்கட்டியை உறையவைத்து, மக்கள் சறுக்கி விளையாடினர். பின்னர் சக்கரம் பொருத்திய வண்டிகள் வந்தன. 1884-இல் அமெரிக்காவின் கோனி தீவில் லமார்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த பாதை பெரும் வரவேற்பைப் பெற்றது. கட்டணம் 5 காசு. வேகமோ மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். மிதிவண்டியே அதை முந்திவிடும். ஆயினும், மக்கள் வரிசையில் காத்து நின்றனர்.

இயந்திரம் இல்லாத வண்டி

மரபான ரோலர் கோஸ்டர் வண்டியில் இயந்திரம் கிடையாது. ஒரு சங்கிலி அதை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. உயர உயர, வண்டியில் நிலை ஆற்றல் சேர்கிறது. உச்சியைக் கடந்து இறங்கும்போது அந்த ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வையும் காற்றுத் தடையையும் கணக்கில் கொள்ளாவிட்டால், அடிவாரத்தில் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். உண்மையில் உராய்வு ஒவ்வொரு நொடியும் ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, சங்கிலி மீண்டும் இழுத்தாலன்றி, அடுத்து வரும் மேடுகள் எவையும் முதல் மேட்டின் உயரத்தை எட்ட முடியாது.

உராய்வின் வலிமையைத் தெலுக் பாஹாங் நீர்ச்சறுக்கில் தெளிவாகக் காணலாம். அது ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்திலிருந்து தொடங்குகிறது. உராய்வே இல்லையென்றால், கீழே வருபவரின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால், 1,111 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகிறது. அப்படியானால், சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர் மட்டுமே. நீண்டு வளைந்து செல்லும் பாதையில் ஆற்றல் சிறிது சிறிதாகக் கரைந்துவிடுகிறது. குழந்தையும் பெரியவரும் சிரித்துக்கொண்டே வந்து சேர்வதற்கு அந்தக் கணக்கே காரணம்.

விபத்துகள் கற்பித்த பாடம்

வேகம் கூடக்கூட, வண்டியைப் பாதையில் நிறுத்திவைக்கும் வழிகளும் வளர்ந்தன. மேட்டில் ஏறும்போது 'கடகட' என்று ஓர் ஒலி கேட்கும். பலர் அதைச் சங்கிலியின் ஓசை என்றே எண்ணுகின்றனர். வண்டியின் அடியிலுள்ள கொக்கி, பாதையின் நடுவே உள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழும் ஓசை அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் இக்கொக்கி தாங்கிக்கொள்ளும்.

அது செயல்படாமற்போனால் என்ன ஆகும்? 1972-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இலண்டனின் பட்டர்சீ பூங்காவில், மேலே ஏறிக்கொண்டிருந்த வண்டி ஒன்று இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டது. பின்னோக்கி உருள்வதைத் தடுக்கும் அமைப்பும் கைகொடுக்கவில்லை. ஐந்து சிறுவர்கள் உயிரிழந்தனர்.

மற்றப் பகுதிகளுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. தண்டவாளத்தின் மேலே மட்டுமன்றி, அதன் அடியிலும் உருளும் சக்கரங்களுக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். மேட்டின் உச்சியில் வண்டி எகிறிவிடாமல் அவை பற்றிக்கொள்கின்றன. 1895-இல் கோனி தீவில் அமைந்த தலைகீழ்ச் சுழல் முழு வட்டமாக இருந்தது. நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் திடீரென நுழைந்ததால் பயணிகளின் கழுத்து வலித்தது. 1976-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட ரோலர் கோஸ்டருக்கு, வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கண்ணீர்த்துளி வடிவச் சுழலை வகுத்தார். விசை படிப்படியாகக் கூடுவதால் உடல் அதைத் தாங்கிக்கொள்கிறது.

ஒரு விரற்கடையின் மதிப்பு

இப்போது தம்பியிடம் வருவோம். வண்டி மேட்டின் உச்சியைக் கடக்கும்போது உடல் இருக்கையிலிருந்து எழும்பப் பார்க்கும். வயிற்றில் 'குபீர்' என்ற உணர்வு தோன்றுவது அப்போதுதான். அந்த நொடியில் பயணியை இருக்கையோடு பிணைத்து வைத்திருப்பது தொடையின்மேல் படியும் தடுப்புக் கம்பி. குறிப்பிட்ட உயரத்துக்கும் அதற்கு மேற்பட்ட உடலமைப்புக்கும் ஏற்பவே அக்கம்பி வடிவமைக்கப்பட்டுள்ளது. உடல் சிறியதாக இருந்தால் கம்பிக்கும் தொடைக்கும் இடையே வெற்றிடம் ஏற்படும். அதன் வழியே பிள்ளை நழுவக்கூடும். தடித்த காலணி தலையைக் கோட்டுக்கு உயர்த்துமே தவிர, தொடையைப் பருக்க வைக்காது.

'நான் பிடித்துக்கொள்கிறேன்' என்ற அப்பாவின் பேச்சில் அன்பு இருக்கிறது, கணக்கு இல்லை. கீழ்வளைவில் உடல்மீது இயல்பைப்போல் மூன்று மடங்கு விசை செயல்படுகிறது என்று கொள்வோம். 20 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த நொடியில் 60 கிலோவாகக் கனக்கும். பிடித்திருக்கும் கையும் மூன்று மடங்கு கனக்கும். எவ்வளவு வலிய தந்தையானாலும் அந்த இடத்தில் கம்பியின் வேலையைக் கை செய்ய முடியாது.

இருதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் ஏற வேண்டாம் என்ற அறிவிப்பும், தொப்பி, சாவி, கைப்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பும் இத்தகையவையே. 70 கிலோமீட்டர் வேகத்தில் கைநழுவும் கைப்பேசி, பின்னால் இருப்பவரின் முகத்தில் கல்லாகப் பாயும்.

பள்ளியில் ஆற்றலைப் பற்றிப் படித்திருந்த அக்காள், இவற்றைத் தனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறாள். அப்பா சற்று நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகுகிறார்.

"வாடா, நாம் அந்தச் சின்ன வண்டியில் ஏறுவோம். எனக்கும் இதுதான் முதல் முறை," என்று பேரனை அழைக்கிறார் பாட்டி. தோட்டத்துத் திடலில் ராட்டினம் மேலே நின்றபோது பயந்து அலறிய கதையை, வரிசையில் நிற்கும் நேரம் முழுவதும் சொல்கிறார். சிறிய வண்டி புறப்படுகிறது. தம்பியைவிடப் பாட்டிதான் அதிகமாகக் கத்துகிறார். இறங்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லூனாஸ் திரும்பிய மறுநாள், அப்பா தம்பியைக் கதவு நிலையோரம் நிற்கவைத்து, நிமிரச் சொல்லி, பென்சிலால் 118 என்று குறிக்கிறார். அதற்குச் சற்று மேலே சிவப்புப் பேனாவால் 120-க்கு ஒரு கோடு இழுக்கிறார். தம்பி இப்போது குனியவும் இல்லை. குதிகாலை உயர்த்தவும் இல்லை. அடுத்த விடுமுறையிலும் அந்தக் கோடு அதே இடத்தில்தான் இருக்கும். வளர்ந்து வரப்போகிறவன் அவன்.