‘ஊமை’ என்னும் சொல்

தோட்டங்களில் பட்டப்பெயர் இல்லாதவரைக் காண்பது அரிது. ‘நெட்டை’, ‘கட்டை’ என அழைப்பது வேடிக்கையோடு போய்விடும். ‘செவிடு’, ‘நொண்டி’, ‘ஊமை’ என்பன அவ்வாறு போவதில்லை; இயற்பெயரே மறந்துபோகும் அளவுக்கு ஒட்டிக்கொள்கின்றன. இவற்றுள் ‘ஊமை’ என்னும் சொல்லை மட்டும் இங்குப் பார்ப்போம். அது மனத்தைப் புண்படுத்துவதோடு, பெரும்பாலும் உண்மைக்கு மாறாகவும் இருக்கிறது.

குழந்தை பேச்சைக் காதால் கேட்டே பேசப் பழகுகிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு நாவும் குரல்வளையும் பெரும்பாலும் குறையின்றியே இருக்கும். அது அழுகிறது, சிரிக்கிறது, குரல் எழுப்புகிறது. கேட்டறியாத சொல்லை அது எவ்வாறு திருப்பிச் சொல்லும்? ‘ஊமை’ என்று பெயரிட்டவுடன் பெற்றோரின் கவனம் காதை விட்டு நாவுக்குச் சென்றுவிடுகிறது. கோயிலில் நேர்ந்துகொள்கிறார்கள். ‘ஐந்து வயதில் தானே பேசும்’ என்னும் பாட்டியின் ஆறுதலை நம்பிக் காத்திருக்கிறார்கள். மொழி மனத்தில் எளிதாகப் பதியும் பருவம் அதற்குள் கழிந்துவிடுகிறது. பாட்டிமாரைக் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். அவர்கள் காலத்துத் தோட்டங்களில் செவிச் சோதனைக்கு வழி ஏது?

பினாங்கில் காது கேளாத பிள்ளைகளுக்கென 1954ஆம் ஆண்டில் ஒரு பள்ளி தோன்றியது. வகுப்பில் வாய்ப்பேச்சே கற்பிக்கப்பட்டது. பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே, கைகளாலேயே தமக்கென ஒரு மொழியை வளர்த்துக்கொண்டனர். பின்னர் 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றது. மொழி உடையவரை ஊமை என்பது எங்ஙனம் பொருந்தும்?

மலாய் மொழியில் முன்பு வழங்கிய ‘சாச்சாட்’ என்னும் சொல்லுக்குப் பதிலாக இன்று ‘ஓராங் குராங் உப்பாயா’ என்பர். தமிழில் ‘உடற்பேறு குறைந்தோர்’, ‘மாற்றுத் திறனாளி’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. சமூகநல இலாகாவில் பதிந்து அடையாள அட்டை பெறுவதற்கும் மேடைப் பேச்சுக்கும் இவை தகுந்தவையே. ஆயினும் மருத்துவரிடம் இப்பொதுச் சொற்கள் போதா. ‘பேச்சு வரவில்லை’ என்று மட்டும் கூறி நிறுத்துவதும் போதாது. ‘பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என ஐயுறுகிறோம்’ என்றே சொல்லுங்கள். எப்போதிலிருந்து அவ்வாறு தோன்றுகிறது, பிள்ளையின் கண்ணில் படாமல் பின்னால் நின்று பால் வாளியைத் தட்டினால் திரும்புகிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.