'இன்னும்' என்பதற்கு ஆங்கிலம் யாது?

'மழை இன்னும் பெய்கிறது', 'பேருந்து இன்னும் வரவில்லை' என ஈரிடத்தும் நாம் 'இன்னும்' என்ற ஒரே சொல்லை ஆள்கிறோம். ஆங்கிலத்திலோ முன்னதற்கு 'ஸ்டில்' என்பர். பின்னதற்கு 'யெட்' என்பர். இவ்வேறுபாட்டை அறியாமையால், 'த பஸ் ஸ்டில் நாட் கம்' என எழுதி மதிப்பெண் இழப்போர் பலர்.

மலாய்மொழி பயிலும் நமக்கு இது கடினமன்று. 'மாசி' வருமிடத்தில் 'ஸ்டில்' வரும். 'பெலும்' வருமிடத்தில் 'யெட்' வரும். ஆனால் 'பெலும்' தன்னுள்ளேயே எதிர்மறையைக் கொண்டது. 'யெட்' அவ்வாறன்று, அதற்கு 'நாட்' துணை வேண்டும். 'பாஸ் பெலும் டாத்தாங்' என்பதை 'த பஸ் ஹேஸ் நாட் கம் யெட்' என்று எழுதுக. 'யெட்' பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றிலேயே நிற்கும்.

வினாவில் வரும்போது எச்சரிக்கை தேவை. 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பதை 'இன்னும் சாப்பிட்டாயா?' எனப் பெயர்த்தால் பொருள் கெடும். 'சாப்பிட்டாயிற்றா?' என்பதே கருத்து. அண்டை வீட்டு மலாய்க்காரர் 'சுடா மாக்கான் பெலும்?' என நலம் விசாரிப்பதில்லையா? அங்கும் 'பெலும்' ஈற்றில்தானே நிற்கிறது!

'ஸ்டில்' எதிர்மறையோடு வருதலும் உண்டு. பேருந்து 6.45க்கு வரவேண்டும் என்க. 6.30க்கு, 'த பஸ் ஹேஸ் நாட் கம் யெட்' என்பது இயல்பு. 7.15 ஆகியும் காணோமெனில், 'த பஸ் ஸ்டில் ஹேஸ் நாட் கம்' என்போம். காத்திருந்தவரின் சலிப்பு அதில் தொனிக்கிறது. 'ஆயினும்' என்ற பொருளிலும் 'யெட்' வரும். அதனை மேல்வகுப்பில் கற்பீர்கள்.

பெற்றோர்க்காகப் பிள்ளைகளே ஆங்கிலத்தில் விடையிறுக்க நேர்வதுண்டு. தம்பியின் பிறப்புப் பத்திரத்திற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம் எனக் கொள்வோம். 'பத்திரம் கிடைத்ததா?' என ஒருவர் ஆங்கிலத்தில் வினவுகிறார். 'நோ' என்று நிறுத்தினால், பத்திரமே இல்லை என அவர் எண்ணக்கூடும். 'நாட் யெட்' என்றால், விரைவில் கிடைக்கும் என்பது விளங்கும். மலாயில் பேசும் தந்தையார் 'தாக் ஆடா' எனக் கூறாமல், 'பெலும் டாப்பாட்' என்றே கூறுவார். ஆங்கிலம் பயின்ற பிள்ளைதான் அவ்விடத்தில் தடுமாறுகிறது.