தனியாகத் தொலைந்துபோக எந்த கேம்?

முதலில் ஒரு தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1998-ல் வந்த ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’ கேமில், ஒரு பிரபுவின் மாளிகைக்குள் திருடப் போகிறோம். உள்ளே சில நடைகளில் வழவழவென்று ஓடு பதித்திருக்கிறது. அதில் ஓடினால் டக் டக்கென்று கேட்கும், காவலாளி திரும்புவான். கம்பளம் விரித்த இடமாகப் பார்த்துக் கால் வைத்தால் சத்தமே வராது. திரையின் அடியில் ஒரு சின்னக் கல். நாம் வெளிச்சத்தில் நிற்கிறோமா இருட்டில் நிற்கிறோமா என்பதை அது மின்னியும் மங்கியும் காட்டும். தீப்பந்தத்தை அணைக்கத் தண்ணீர் அம்பு, காலடிச் சத்தத்தை அடக்கப் பாசி அம்பு. மனிதர்களின் முகமெல்லாம் அட்டைப்பெட்டியை மடித்துச் செய்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அதை முதன்முதலில் ஆடிய ராத்திரி, தண்ணீர் குடிக்க எழுந்தவன் எங்கள் வீட்டு மொசைக் தரையில் நுனிக்காலில் நடந்து போனேன்.

சமீபத்தில் அண்ணன் மகன் புது லேப்டாப் வாங்கினான். “சித்தப்பா, பசங்களோட ஆன்லைன்ல சுட்டுச் சுட்டு அலுத்துப்போச்சு. தனியா உக்காந்தா அப்படியே உள்ள போயிடுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க” என்றான். கூடவே, “கிராபிக்ஸ் சூப்பரா இருக்கணும்” என்று ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனையை முதலில் கழற்றி வைக்கச் சொன்னேன். நம்மை உள்ளே இழுப்பது கிராபிக்ஸ் இல்லை. அந்த உலகம் நம்மிடம் எதைச் சொல்லாமல் விடுகிறது, எதை நம் கையிலேயே விட்டுவிடுகிறது என்பதுதான். எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுக் காட்டினால் அது சுற்றுலா பஸ். கைடு சொல்லும் பக்கம் தலையைத் திருப்பிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

அவனிடம் நான்கு கேள்வி கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? வழி தவறினால் எரிச்சல் வருமா, குஷி வருமா? நிறைய படிக்கப் பிடிக்குமா? பயம் தாங்குமா? உங்களுக்கும் இதே நான்கு கேள்விதான்.

வழி தவறுவது குஷி, நிறைய படிக்கவும் பிடிக்கும் என்றால் ‘மாரோவிண்ட்’. பெதஸ்டா 2002-ல் வெளியிட்டது. இதையும் அதே வரிசையில் 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’மையும் ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஸ்கைரிமில் ஒருவர் வேலை கொடுத்தால் திசைகாட்டியில் உடனே ஒரு குறி முளைக்கும். அதைப் பார்த்து நடந்தால் போதும். வழியில் உள்ள மலையையும் ஆற்றையும் பார்க்காமலேகூடப் போய்ச் சேரலாம். மாரோவிண்டில் குறி கிடையாது. “பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடது பக்கம், கல் தெரிந்தால் அதைச் சுற்றி வா” என்று ஊர்க்காரர்கள் வழி சொல்வது போலத்தான் சொல்வார்கள். நாட்குறிப்பில் அது பதிவாகும். அவ்வளவுதான். சில இடங்களில் சொன்ன வழியே தப்பு. அதனால்தான் இருபது வருஷம் கழித்தும் கதை நடக்கும் தீவில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எப்படிப் போவது என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடிகிறது. ஸ்கைரிமில் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன். ஒரு வழிகூட நினைவில் இல்லை.

ஒரு காட்சி சொல்கிறேன். கப்பலில் இருந்து இறங்கும் முதல் ஊரான செய்டா நீனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டே விழுவான். தரையில் மோதிச் செத்துப்போவான். அவனிடம் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்துவிட்டுக் குதித்தால் நாமும் மேகத்தைத் தொடும் உயரத்துக்குப் பறப்போம். இறங்குவது பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அவன் எப்படிச் செத்தான் என்பது அப்போதுதான் உறைக்கும். விழும்போது இரண்டாவது சுருளைப் படித்தால் பிழைக்கலாம் என்பதைச் செத்துத்தான் கற்றுக்கொண்டேன். கதைக்கு முக்கியமான ஆளை நீங்கள் கொன்றாலும் கேம் தடுக்காது. விதியின் இழை அறுந்துவிட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டு, இஷ்டமிருந்தால் தொடர்ந்து ஆடு என்று விட்டுவிடும்.

குறையையும் சொல்ல வேண்டும். மாரோவிண்டின் சண்டை மகா மட்டம். கத்தி எதிரியின் உடம்பிலேயே பாய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். உள்ளே பகடை உருண்டு ‘படவில்லை’ என்று முடிவாகும். ஓடி வந்து களைத்திருந்தால் இன்னும் மோசம். முதல் ஐந்து மணி நேரம் ஒரு எலியோடு மல்லுக்கட்ட உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் ஸ்கைரிமுக்கே போங்கள், வெட்கமில்லை. அதிலும் அமைப்புகளில் குவெஸ்ட் குறியை அணைத்துவிட்டு ஆடிப் பார்க்கலாம். ஆனால் பல வேலைகளில் இடம் எங்கே என்று வசனத்தில் சொல்லவே மாட்டார்கள். குறி இருக்கும் என்று நம்பி எழுதிய உலகம் அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’. செக் நாட்டு வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்தது. 1403-ம் வருஷத்து பொஹீமியா. டிராகன் இல்லை, மந்திரம் இல்லை. நாம் ஆடும் நாயகன் ஹென்றி ஒரு கொல்லன் மகன், எழுத்தறிவு கிடையாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். ஒரு எழுத்தரிடம் போய்ப் படிக்கக் கற்ற பிறகுதான் சொற்கள் மெல்லத் தெளியும். குளிக்காமல் போனால் பெரிய மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். பையில் வைத்த உணவு கெட்டுப்போகும். நினைத்த இடத்தில் சேவ் செய்ய ஒரு சாராயம் குடிக்க வேண்டும், அது காசு. இத்தனைக் கெடுபிடி சிலருக்கு வேலை பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதுவே ருசி. வாள் பிடிக்கத் தெரியாத ஹென்றியும் வாள் சண்டையின் விசைகள் புரியாத நானும் ஒரே வேகத்தில்தான் தேறினோம்.

நேரம் குறைவு, ஆனால் தலை நன்றாக வேலை செய்யும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. 2019-ல் வந்தது, அலெக்ஸ் பீச்சம் என்பவர் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய வேலை வளர்ந்து இப்படி ஆனது. ஒரு குட்டிச் சூரியக் குடும்பம், மரப்பலகை அடித்த ஒரு விண்கலம், நீங்கள். இருபத்திரண்டு நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். மறுபடி அதே முகாமில் கண் விழிப்பீர்கள். துப்பாக்கி வாங்குவது, பலம் கூட்டுவது எதுவும் கிடையாது. உங்களிடம் சேர்வது தகவல் மட்டுமே. ஒரு கோளிலிருந்து அதன் ஜோடிக் கோளுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றில் குகைகள் நிரம்பும்போது இன்னொன்றில் புதைந்தவை வெளியே தெரியும். எந்த நிமிடத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால் கதவு திறக்கும். இதைப் பற்றி இதற்கு மேல் யாரிடமும் கேட்காதீர்கள், வீடியோவும் பார்க்காதீர்கள். இதை ஒரு முறைதான் ஆட முடியும். நான் மறந்துவிட்டு மறுபடி ஆடலாமென்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறேன். மறக்க மாட்டேன் என்கிறது.

அதே வகைத் தலைவேலை, ஆனால் இன்னும் சின்னதாக வேண்டுமா? லூகாஸ் போப் என்ற ஒருவரே உருவாக்கி 2018-ல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. 1807-ல் ஆளில்லாமல் கரை ஒதுங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். அதிலிருந்த அறுபது பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று இன்சூரன்ஸ் அதிகாரியாகப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டே நிறத்தில் கோட்டுச் சித்திரம் போலப் படம். மூன்று பேருடைய விதியைச் சரியாக எழுதினால்தான் கேம் ‘சரி’ என்று ஒப்புக்கொள்ளும். குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது. ஒருவன் எந்த ஊஞ்சல் படுக்கையில் தூங்கினான், எந்த மொழியில் பேசினான் என்று பார்த்துப் பார்த்து முடிக்க வேண்டும். இந்திய மாலுமிகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

‘தீஃப்’ வழியில் வந்ததை இன்றைய தோற்றத்தில் ஆட நினைத்தால் ஆர்க்கேன் 2017-ல் தந்த ‘ப்ரே’. விண்வெளி நிலையம் ஒன்று முழுவதும் உங்களுடையது. பூட்டிய அறைக்குக் கடவுச்சொல் தேடலாம், கூரை வழியாக ஊரலாம், உறைந்து கல்லாகும் பசையைச் சுவரில் பீய்ச்சிப் படிக்கட்டு போல ஏறலாம். எனக்குப் பிடித்தது விளையாட்டுக் குறுக்குவில். நுரை அம்பு எய்யும் பொம்மை, ஒருவரையும் காயப்படுத்தாது. ஆனால் ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் திரைமேல் அம்பு விட்டால், விரலால் தொட்டது போல பொத்தான் அமுங்கிக் கதவு திறக்கும்! இதைச் செய்யச் சொல்லி கேம் கட்டளை போடுவதில்லை. நமக்கே தோன்ற வேண்டும். ஒரு எச்சரிக்கை: எதிரிகள் காபிக் கோப்பையாகவும் நாற்காலியாகவும் உருமாறி உட்கார்ந்திருக்கும். ஒரு வாரத்துக்கு வீட்டில் டம்ளரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பீர்கள்.

நேருக்கு நேராகப் பயம் வேண்டுமென்றால் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ (2014), ‘ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்’ (2007) என்று இரண்டு. முன்னதில் ஒரு பூதம். அதைக் கொல்ல முடியாது. மேலிருந்து ஒரு மேற்பார்வை நிரல், நீங்கள் சுமாராக எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று மட்டும் அதற்குக் குறிப்புக் கொடுக்கும். மீதியை அது தானே தேட வேண்டும். அதனால் ஒருமுறை நடந்தது மறுமுறை நடக்காது. சேவ் செய்யச் சுவரில் உள்ள கருவியில் அட்டையைச் செருகி, மூன்று விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரை முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அந்தச் சில விநாடிகள்தான் முழு கேமும். ஆனால் தேவைக்கு மேல் நீளம். முக்கால்வாசியில் எனக்குப் பயம் போய்ச் சலிப்பு வந்தது. ஸ்டாக்கர் வேறு மாதிரி. உக்ரைன்காரர்கள் செர்னோபிலின் தடை செய்யப்பட்ட பகுதிக்கே போய்ப் பார்த்து வந்து செய்தது. கண்ணுக்குத் தெரியாத பொறிகளைக் கண்டுபிடிக்க முன்னால் ஒரு இரும்பு போல்ட்டை எறிந்து எறிந்து நடக்க வேண்டும். மழை, தூரத்தில் நாய்கள், எரியும் நெருப்பைச் சுற்றி கிடார் வாசிக்கும் ஆட்கள். துப்பாக்கி ஆரம்பத்தில் குறியே பிடிக்காது. பழைய கோளாறுகளும் நிறைய. ரசிகர்கள் செய்த திருத்தத் தொகுப்பைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள்.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அழகில் அதை அடிக்க ஆளில்லை. குதிரையை மெதுவாக விட்டு, பனியில் சும்மா சுற்றினால் சொர்க்கம். ஆனால் மிஷன் தொடங்கியதும் கதை நம் காதைப் பிடித்துக்கொள்கிறது. சொன்ன பாதையைவிட்டு நாலடி நகர்ந்தால் தோல்வி. தவிர, சுமார் 150 ஜிபி இடம் கேட்கும்.

இடம் என்றதும் மெஷின் பேச்சு வருகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் லேப்டாப்பிலேயே தீஃப், மாரோவிண்ட், ஓப்ரா டின் மூன்றும் ஓடும். ப்ரே, ஏலியன் இரண்டுக்கும் சுமாரான கார்டு போதும். கிங்டம் கம்முக்கு நல்ல கார்டும் எஸ்எஸ்டியும் வேண்டும். கார்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள்; தீஃபும் ஏலியனும் பாதி காதால் ஆடுவது. தலை சுற்றுகிறவர்கள் அமைப்புகளில் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்கிப் பாருங்கள்; பலருக்குச் சரியாகிவிடும். அவுட்டர் வைல்ட்ஸில் மட்டும் எடையில்லாமல் உருள்வதால் அதுவும் உதவாமல் போகலாம்.

ஸ்டீமில் வாங்கி பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ப்ரேயும் ஏலியனும் அந்த இரண்டு மணி நேரத்தில் தங்களைக் காட்டிவிடும். மாரோவிண்டுக்கும் கிங்டம் கம்முக்கும் அது போதாது. அவற்றைத் தள்ளுபடியில் வாங்கி, திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு உட்காருங்கள்.

இந்த வரிசையில் சேராத ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2023-ல் டொராண்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசிக்க வேண்டும். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. கேமே ஆடாத அம்மாவை அருகில் உட்கார வைத்து ஆடலாம். தட்டு அடுக்கும் இடத்தில் அவர் உங்களைத் திருத்துவார்.

கடைசியில் அண்ணன் மகனுக்கு நான் சொன்னது ‘சப்னாட்டிகா’. 2018-ல் முழுசாக வெளிவந்தது. வேற்றுக்கிரகக் கடலில் கப்பல் உடைந்து விழுந்திருக்கிறோம். கையில் துப்பாக்கி கிடையாது, வரைபடமும் கிடையாது. ஆரம்பத்தில் நாற்பத்தைந்து விநாடி மூச்சு. அதற்குள் பவளப்பாறையில் இருந்து ஏதாவது பிய்த்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஆழம், இன்னும் கொஞ்சம் இருட்டு. மாரோவிண்டின் வழி தவறலும் ஏலியனின் பயமும் சம அளவில் கலந்தது, அதே சமயம் எலியோடு மல்லுக்கட்டும் வேலையும் இல்லை. பசி தாகம் பார்த்துக்கொள்வது தொல்லை என்றால் அதை நீக்கிவிட்டு ஆட ‘ஃப்ரீடம்’ என்று தனி முறையே இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் எச்சரித்தேன்: உடைந்த கப்பலின் பக்கம் இப்போதைக்குப் போகாதே.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு போன். குரலைத் தாழ்த்திப் பேசினான், கடலுக்கே கேட்டுவிடும் என்பது போல. “சித்தப்பா, கப்பலுக்குப் பின்னாடி தண்ணி கலங்கலா இருக்கு, ஒண்ணும் தெரியல. ஆனா ஏதோ கத்துது. அது தூரத்துல இருக்கா, பக்கத்துல இருக்கா?”

“ஹெட்போன் போட்டிருக்கியா?” என்றேன்.

“ஆமா.”

“அப்ப உனக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.